செல்வினின் சதுரம்

வெட்டக் கூடாது, இன்றைக்கு இடியே விழுந்தாலும் வெட்டக் கூடாது என்று காலையில் பல் தேய்க்கும்போதே சொல்லிக்கொண்டேன், இட்லி ஊற்றும்போது சொல்லிக்கொண்டேன், பத்து மணிக்கு நேரலையைத் தொடங்கும் பொத்தானை அழுத்தும்போதும் சொல்லிக்கொண்டேன், இப்போது மணி பதினொன்றாகப் போகிறது, இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற பிள்ளை கடைசி நிமிஷம் வரை படித்ததையே படிப்பது மாதிரி. கோபிச்செட்டிபாளையத்தில் என் ஸ்டுடியோவின் பின்னறை. சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்தியிருக்கிறேன், கழுத்தெல்லாம் கசகசவென்று வியர்வை, ஹெட்போன் இடது காதை அழுத்துகிறது. முன்னால் இரண்டு திரை. இடது திரையில் நாலு சதுரம், நாலு முகம். திருச்சியில் வஹிதா, கதை நடத்துகிறவள். ஓசூரில் இன்பராஜ், பெரம்பூரில் மங்கை, தூத்துக்குடியில் செல்வின், இந்த மூன்று பேரும் ஆடுகிறவர்கள். நாலு பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒரு மேசை இருப்பதாக எண்ணம். அந்த மேசை இருப்பது என் திரையில். அதன்மேல் செல்வின் கைப்பட வரைந்த வரைபடம், ஒரு கோட்டை, ஒரு ஆறு, ஒரு மதகு, விரல் நகம் அளவுக்கு மனிதர்கள். வஹிதா கதையைச் சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தி, "இப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்பாள். இவர்கள் அவரவர் பாத்திரமாக மாறிப் பதில் சொல்வார்கள். சண்டை என்று வந்தால் திரையில் பகடை உருளும். இவ்வளவுதான் விளையாட்டு. கழுதை வயசில் சொப்பு வைத்து விளையாடுகிறார்கள், அதற்கு நீ லைட் அடிக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும். இதை முந்நூறு பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள், அவர் பேச்சைக் கேட்க எங்கள் வீட்டில் நானே உட்காருவதில்லை.

நான் விளையாடுவதில்லை. எனக்குக் கற்பனை கிடையாது, கேமரா உண்டு. பதினாறு வருஷமாகக் கல்யாண வீடியோ, அதில் கடைசி ஏழெட்டு வருஷம் கல்யாண நேரலை, துபாய் சித்தப்பாவும் சிங்கப்பூர் அத்தையும் முகூர்த்தத்தைப் பார்க்க வேண்டுமே. வஹிதாவின் தம்பி நிக்காஹுக்கு நேரலை செய்யப் போனதில்தான் அவள் பழக்கம். அவள் இப்படி ஒரு விளையாட்டு நடத்துகிறாள் என்று சொன்னபோது திறந்து பார்த்தேன், ஐயோ, எல்லா முகமும் மாவில் முக்கி எடுத்த மாதிரி, பேச்சு ஒரு பக்கம், வாயசைவு ஒரு பக்கம், பின்னால் துவைத்த துணி தொங்குகிறது. ஆனால் அவள் பேசுகிறாள், ஒரு கோட்டைக் கதவு திறக்கிற சத்தத்தைச் சொல்கிறாள், என் கையில் மயிர் சிலிர்த்தது. இவ்வளவு நல்ல கதையை இவ்வளவு மோசமான படத்தில் காட்டுவது பாவம் என்று தோன்றியது, நானே வலியப் போய் "படத்த நான் பாத்துக்கறேன் வஹி" என்றேன். அதற்கப்புறம் எங்கள் படம் கண்ணாடி. பகடை உருண்டு நிற்கும்போது அதன் விளிம்பில் ஒளி வழுக்குவது வரைக்கும் தெரியும். ஆளுக்கொரு நல்ல கேமரா, முகத்துக்கு ஒரு விளக்கு, ஆளுக்கொரு தனி இணைப்பு. சத்தத்துக்கு வடிகட்டி போட்டிருக்கிறேன், பேச்சைத் தவிர ஃபேன், காகம், குக்கர் எதுவும் உள்ளே வராது, பேசாத நேரத்தில் சுத்தமான அமைதி. தொடர்பு விட்டால் அந்தச் சதுரம் கறுப்பாகிவிடுவதுதான் மென்பொருளின் வழக்கம், நான் அதையும் மாற்றி, கடைசிப் படத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும்படி வைத்திருக்கிறேன், நேரலையில் கறுப்புத் திரை வருவதைவிட அசிங்கம் வேறில்லை. சினிமா மாதிரி இருக்கிறது என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்குக் காலர் இல்லாத ரவிக்கையில் காலர் தூக்கிக்கொள்ளத் தோன்றும்.

ஆனால் படம் நான், உயிர் அவர்கள். வஹிதா பகலெல்லாம் மருந்துக்கடையில் நிற்கிறாள், டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்துத்தான் இவளுக்கு இல்லாததைக் கூடப் படிக்க வந்துவிட்டது போல. இவள் வைத்த ஒரு சட்டம் வேறு எந்த மேசையிலும் இருக்கிறதா தெரியவில்லை. அடிதடிக்குப் பகடை, பேச்சுக்கு வாய். கத்தி வீசினால் பகடை உருட்டிப் பட்டதா படவில்லையா பார்க்கலாம், ஆனால் ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டுமென்றால் உண்மையாகவே பேசியாக வேண்டும், பேச்சு அவள் மனசில் படவேண்டும், படவில்லையென்றால் கதவு திறக்காது, நட்புக்காகவெல்லாம் திறக்கவே மாட்டாள். ஆட்டம் தொடங்கிய அன்று திருடன், மருத்துவச்சி, வில்லாளி, தூதன் என்று நாலு பாத்திரம் வைத்தாள். இன்பராஜ் திருடன் என்றான், மங்கை மருத்துவச்சி என்றாள், செல்வின் எழுத்தில் பதில் அனுப்பினான், தூதன். செல்வினுக்குத் திக்கும். கொஞ்சநஞ்சமல்ல, நன்றாகவே திக்கும். இருபத்தேழு வயசு, துறைமுகத்துப் பக்கம் ஒரு அலுவலகத்தில் சரக்குக் காகிதங்கள் தயாரிக்கிற வேலை, பேச்சே வேண்டாத வேலையாகப் பார்த்துப் பிடித்தவன், யாரிடமும் போனில் பேசமாட்டான், எதுவானாலும் செய்திதான் அனுப்புவான். அவன் போய்ப் பேச்சையே ஆயுதமாக வைத்திருக்கிற ஆளைக் கேட்கிறான். நானாக இருந்தால், யோசிச்சியாப்பா என்று கேட்டிருப்பேன். வஹிதா கேட்கவில்லை, "சரி" என்று மட்டும் சொன்னாள். பதிமூன்று வாரமாக அவன் பேசும்போது அவள் காத்திருப்பதைப் பார்க்கிறேன், காத்திருக்கிறாள் என்பதே தெரியாமல் காத்திருப்பாள், தலையை ஆட்டி ஊக்குவிப்பதில்லை, அவன் வார்த்தையைத் தான் எடுத்துக் கொடுப்பதில்லை. அவனும் அப்படித்தான், மூன்று நொடி, நாலு நொடி முட்டிக்கொண்டு நிற்பான், கண்ணை இறுக மூடிக்கொள்வான், பிறகு வருகிற வார்த்தை வேறு ஒருவருக்கும் தோன்றாத வார்த்தையாக இருக்கும். அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவ்வளவு பிடிக்கும் என்றால் போன வாரம் ஏனடி வெட்டினாய்.

இதோ, இங்கேதான் ஒவ்வொரு தடவையும் வந்து முட்டுகிறேன். போன வாரம் இதே இடம். மேலைக்கோட்டை அரசி ஆற்றின் மதகை அடைத்துவிட்டாள், கீழே மூன்று ஊர் காய்ந்து கிடக்கிறது, தூதன் அவள் முன்னால் போய் நின்றான். செல்வின் "அரசியே" என்று தொடங்க வேண்டும், முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கண்ணை மூடினான், தாடை இறுகியது, கழுத்தில் ஒரு நரம்பு. எட்டு நொடி, ஒன்பது, பதினொன்று. என் கை போய்ப் பொத்தானைத் தட்டியது, செல்வினின் முகம் போய் வரைபடமும் புல்லாங்குழல் இசையும் வந்தன, கீழே "இணைப்புக் கோளாறு, சற்றுப் பொறுங்கள்" என்ற அட்டை. படம் உறைந்துவிட்டது என்று நினைத்தேன் என எல்லோரிடமும் சொன்னேன். கை போனது உண்மை, அது கையின் பழக்கம். சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளையின் பெரியப்பா முதல் பந்திக்குத் தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று மேடையேறிக் கத்த ஆரம்பித்தார், சிங்கப்பூர் வரைக்கும் நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது, நான் சட்டென்று கேமராவை மாற்றி ஆறு நிமிஷம் நாதஸ்வரத்தையும் தவிலையும் மட்டுமே காட்டினேன், வெளிநாட்டில் இருந்தவர்கள் என்னமாய் வாசிக்கிறார் என்று எழுதினார்கள். பெண்ணைப் பெற்றவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க மானத்தக் காப்பாத்திப் போட்டீங்க அம்மிணி" என்றார். அன்றிலிருந்து அது எனக்கு வியாதி, அசிங்கமாக எது வந்தாலும் நாதஸ்வரத்துக்குப் போ. அசிங்கமாக எது வந்தாலும். அப்படியென்றால் செல்வினின் முகம். இல்லை, படம் உறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அதைவிட மோசம் அடுத்து நடந்தது. அட்டையை எடுத்துவிட்டுத் திரும்ப வந்தபோது செல்வின் ஒரு வார்த்தை பேசவில்லை, பார்வையாளர்கள் எழுதுகிற இடத்தில் அவனும் எழுதினான், "நெட் பிரச்சினை, மன்னிக்கவும்". நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், பார், அவனே சொல்லிவிட்டான். ஆட்டம் அத்தோடு முடிந்தது. மறுநாள் வஹிதா கூப்பிட்டாள். "யோகாக்கா, நேத்து அது நெட்டா?" "நெட்டுதான் வஹி. படம் நின்னு போச்சுல்ல." கொஞ்ச நேரம் கடையில் யாருக்கோ மாத்திரை எண்ணிக் கொடுக்கிற சத்தம் கேட்டது. "சரிக்கா. இந்த ஒரு தடவ பேச்சுக்குப் பதிலா பகடை உருட்டிக்கிறியான்னு அவன்கிட்ட கேட்டேன். வேண்டாம்னுட்டான். அடுத்த வாரம் வரேன்னிருக்கான். ஆனா திரும்பவும் நெட்டு போச்சுன்னா, அதுக்கப்புறம் வரமாட்டான்கா. இதுல மட்டும் இல்ல, எதுலயும் வாயத் திறக்க மாட்டான்." நெட்டு என்ற வார்த்தையை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே தூத்துக்குடிக்கு ஒரு நீலத்துணி கூரியரில் அனுப்பினேன், பின்னால் தொங்கவிட்டுக்கொள் செல்வின், படம் பளிச்சென்று இருக்கும் என்று எழுதினேன். அவன் பின்னால் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கும், தேதி கிழிக்கிறது, ஃபேன் காற்றில் சடசடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், கண்ணுக்கு இடைஞ்சல். இன்றைக்கு அது இல்லை. அவனைச் சுற்றி அழகான நீலம், நடுவில் அவன், புதுச் சட்டை போட்டிருக்கிறான், தலைமுடியைப் படிய வாரியிருக்கிறான், போட்டோவுக்கு உட்காருகிற மாதிரி.

வஹிதா நிமிர்ந்துவிட்டாள். துப்பட்டாவைத் தோளில் சரிசெய்து முகவாயைக் கொஞ்சம் உயர்த்தினாள், அவ்வளவுதான், மருந்துக்கடை போய் அரசி வந்துவிட்டாள், எப்படி இதைச் செய்கிறாள் என்று பதிமூன்று வாரமாகப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. "தூதனே, உன் ஊரிலிருந்து உனக்கு முன்னால் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் அழுதார்கள். அழுகை எனக்கு அலுத்துவிட்டது. உன்னிடம் வேறு ஏதாவது இருந்தால் சொல்." மங்கை ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டாள். செல்வின் கேமராவைப் பார்த்தான், வாயைத் திறந்தான், "அ…" கண்ணை மூடிக்கொண்டான். நின்றுவிட்டது. சரி. நிற்கட்டும். என் வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன், நாற்பத்திரண்டு வயசில் சொந்தக் கையை நம்ப முடியாமல் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். பத்து நொடி. இருபது. வஹிதா அசையவில்லை, அவனையே பார்க்கிறாள், அந்தப் பார்வையில் அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை, இரக்கம் இல்லாததுதான் பெரிசு. நாற்பது நொடி. இதுவரை இவ்வளவு நேரம் அவன் நின்றதில்லை. இணைப்புக் குறியைப் பார்த்தேன், சிவப்பு, தூத்துக்குடிக்கு அது பாதி நேரம் சிவப்புதான். பார்வையாளர் முந்நூற்றுப் பன்னிரண்டு. யாரோ எழுதுகிறார்கள், "ஸ்டக் ஆயிடுச்சா?" இன்னொருவர், "இல்லீங்க, அவருக்குப் பேச நேரமாகும், பொறுங்க." யாரய்யா நீ, நீ நல்லா இருக்கணும். உள்ளங்கை தொடைக்கடியில் மரத்துப்போகிறது, விரல்கள் மட்டும் தனியாகத் துடிக்கின்றன, வெட்டு வெட்டு என்கின்றன. ஒரு நிமிஷம்.

ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும், மூன்று முடிச்சும் போட்டு அட்சதையும் விழுந்து முடிந்துவிடும் ஒரு நிமிஷத்தில். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, என் மாமியார் "பேரு என்ன சாமி?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார், நான் வாயைத் திறந்தேன், அதற்குள் அம்மா, "யோகநாயகிங்க" என்று முந்திக்கொண்டாள். எனக்குத் திக்காது. நான் சொல்லியிருப்பேன், இன்னும் இரண்டு நொடி கொடுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேன், கூச்சத்தில் தொண்டை காய்ந்திருந்தது, அவ்வளவுதான். அம்மாவைக் கேட்டால் மானத்தைக் காப்பாற்றினேன் என்பாள். இருபது வருஷம் கழித்தும் அந்த இரண்டு நொடி என் வாயிலேயே இருக்கிறது. நான் அவனிடமிருந்து எவ்வளவு எடுத்தேன்? நாள்காட்டி ஆடிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டேன், உள்ளுக்குள்ளாவது சொல்லிவிட்டேன். போன வாரம் அவன் கண்ணை மூடிப் போராடிக்கொண்டிருந்த அந்தப் பதினொரு நொடியும் அவன் முதுகுக்குப் பின்னால் நாள்காட்டித் தாள் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது, உறைந்த படத்தில் தாள் அடிக்காது, என் கண் அதைப் பார்த்தது, பதினாறு வருஷம் படத்தையே பார்த்துப் பிழைக்கிற கண், பார்க்காமல் இருக்குமா? பார்த்துக்கொண்டேதான் வெட்டினேன். அவன் முகத்தை முந்நூறு பேர் பார்க்கிறார்களே என்று எனக்குத்தான் கூசியது, அவனுக்குக் கூசவில்லை. பிறகு அந்த நாள்காட்டியை மறைக்கத் துணியும் அனுப்பினேன். நல்ல படம் வேண்டுமாம் எனக்கு, நல்ல படம்.

இரண்டு நிமிஷம். இருநூற்றெண்பது பேர். போகிறவர்கள் போகட்டும். இருக்கிறவர்களைப் பாருங்கள், ஒருவரும் எழுதவில்லை, எழுத்து ஓடுகிற அந்த இடம் மழை நின்ற தெரு மாதிரி இருக்கிறது. இன்பராஜின் கண் சிவந்துவிட்டது, எந்நேரமும் வாயாடுகிற பையன், திருடன் வேஷத்தில் எல்லார் பேச்சிலும் குறுக்கே விழுகிறவன், மூச்சு விடுகிறானா என்றே சந்தேகமாக இருக்கிறது. செல்வினைப் பார்க்கிறேன். என்ன ஒரு நிதானம். போன வாரம் தாடை இறுகி நரம்பு புடைத்தது, இன்றைக்கு அதெல்லாம் இல்லை, மூடிய கண், பாதி திறந்த வாய், ஒரு சுருக்கம் இல்லாத நெற்றி. உள்ளே எவ்வளவு பெரிய இழுபறி நடக்கும், வெளியே ஒரு சலனம் இல்லை. புருவம் அசையவில்லை, தோள் அசையவில்லை. மூச்சுகூட எவ்வளவு மெல்ல விடுகிறான், நெஞ்சு ஏறி இறங்குவதே தெரியவில்லை. முந்நூறு பேர் முன்னால் தோற்றுப்போகப் பயப்படாமல் இப்படி உட்கார்ந்திருக்க என்னால் முடியுமா? சத்தியமாக முடியாது. நானெல்லாம் முப்பது நொடியில் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்வேன். மூன்று நிமிஷம். என் கன்னத்தில் ஏதோ ஓடுகிறது, வியர்வை இல்லை. பேசாவிட்டாலும் பரவாயில்லை செல்வின், நீ பேசவே வேண்டாம், நாள் முழுக்க இப்படியே இரு, கேமரா உன்மேல்தான் இருக்கும், யார் வந்து கேட்டாலும் கையை எடுக்கமாட்டேன். மூன்றரை. வஹிதாவின் கண்ணும் பளபளக்கிறது, அரசிகள் அழக்கூடாது வஹி, பொறு. நாலு.

மேசைமேல் என் போன் அதிர்ந்துகொண்டே நகர்ந்தது. செல்வின் தூத்துக்குடி என்று பெயர் வந்தது. திரையைப் பார்த்தேன், செல்வின் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான். போனைப் பார்த்தேன், செல்வின் கூப்பிடுகிறான். பையில் இருக்கிற போன் அழுந்தித் தானாக அடிக்கிறது போலிருக்கிறது, பாவம், அவனுக்குத் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தேன், என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது. பிறகுதான் ஒவ்வொன்றாக விழுந்தது, ஏறி இறங்காத நெஞ்சு, பிடித்துக்கொண்டு நிற்கிற கடைசிப் படம், சத்தமே விடாத வடிகட்டி, அழகான நீலத்துணி. என் மைக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளி, போனை எடுத்தேன். இவன் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

"செல்வின்?"

அழைப்பின் நொடிகள் ஓடுகின்றன, நாலு, ஐந்து, ஆறு. ஹலோ ஹலோ என்று கத்த வாய் வந்தது, கத்தவில்லை.

"அ… அக்கா. இங்க க… கரண்டு போயிட்டு. நெட்டும் போயிட்டு."

"எப்பப்பா?"

"தெ… தெரியலக்கா. லேப்டாப்பு பேட்டரில ஓடிட்டுல்லா இருந்துச்சு, கண்ண மூடிட்டு இருந்தேன், வெளக்கு அணைஞ்சத நா… நான் கவனிக்கல. நான் பாட்டுக்குப் பேசி முடிச்சிட்டேன். மு… முழுசும். யாரும் ஒண்ணுமே சொல்லல, எல்லாரும் அப்படியே இருந்தீங்க. அ… அசந்து போயிட்டீங்கன்னுல்லா நெனச்சேன்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து எனக்கு மூக்கில் ஏறியது. "நாங்களும் உன்னையப் பாத்துட்டு அப்படியேதான் உக்காந்திருக்கறோம் சாமி. நாலு நிமிஷமாச்சு."

"நா… நாலு நிமிஷமா?" அவனும் சிரிக்கிறான். சிரிப்பு திக்குவதில்லை. பிறகு சிரிப்பு நின்றது. "யாரும் வெ… வெட்டலயாக்கா?"

"வெட்டல." சொன்னதும் அடுத்ததும் வந்துவிட்டது, நான் தடுக்கவில்லை. "செல்வின், போன வாரம் அது நெட்டு இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வெட்டினேன்."

தூத்துக்குடியில் தெருவில் யாரோ மீன் விற்றுக்கொண்டு போகிறார்கள், அது கேட்கிறது.

"தெ… தெரியும்கா. திருப்பிப் போட்டுப் பாத்தேன். நா… நானும்தான நெட்டுன்னு எழுதுனேன்." பிறகு, "இப்ப நான் பேசுதது லைவ்ல கே… கேக்குதா?"

"இல்ல."

"கே… கேக்க வைங்க."

வடிகட்டியை அணைத்தேன். ஃபேன் இல்லாத அறையில்கூட எத்தனை சத்தம், தெருவில் பைக், பக்கத்துக் கடை ஷட்டர், எல்லாம் உள்ளே வந்தது, வரட்டும். என் மைக்கைத் திறந்து, "செல்வின் வீட்ல கரண்ட் போயிருச்சுங்க. நம்ம இவ்வளவு நேரம் பாத்துட்டு இருந்தது நின்னுபோன படம். இப்ப போன்ல பேசறாரு" என்றேன். எழுத்து ஓடுகிற இடத்தில் சிரிப்பு கொட்டியது, இன்பராஜ் தலையில் அடித்துக்கொண்டான், மங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வஹிதா மட்டும் சிரிக்கவில்லை, முகவாய் உயர்ந்தபடியே இருந்தது, அரசி இன்னும் இறங்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு மைக்குக்கு முன்னால் போனைப் பிடித்தேன். சதுரங்களை நான் தொடவில்லை. கண்மூடிய அந்தப் படம் அப்படியே இருந்தது, குரல் வேறு எங்கிருந்தோ, கரகரவென்று, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. நான் இதுவரை அனுப்பியதிலேயே மட்டமான ஒலி அதுதான். "அ…" என்றது. நின்றது. ஏழு நொடி, எட்டு, ஒன்பது. முந்நூறு பேரும் காத்திருந்தோம். "அரசியே. நா… நான் கொண்டுவந்த பேச்சை எல்லாம் பேசி முடித்துவிட்டேன். உங்கள் காதில் விழவில்லை. ஆனாலும் நீங்கள் எழுந்து போ… போகவில்லை. ஒருவன் வாய் திறக்க நாலு நிமிடம் காத்திருந்தீர்கள். கீழே மூ… மூன்று ஊர் நூறு நாளாகக் காத்திருக்கிறது. அவர்களும் எழுந்து போகவில்லை."

முடிந்துவிட்டது. இன்பராஜின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. வஹிதா வாயைத் திறந்தாள், மூடினாள். எத்தனையோ அரசர்களையும் பேய்களையும் வணிகர்களையும் நினைத்த மாத்திரத்தில் பேச வைத்த வாய், அதில் ஒன்றும் இல்லை. அவள் மூக்கு நுனி சிவப்பது, கீழிமையில் தண்ணீர் ஏறுவது, அது விழாமல் நிற்பது, எல்லாம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, நல்ல படத்துக்காக நான் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு முகத்துக்காகத்தான் என்று பட்டது. ஐந்து நொடி, பத்து நொடி, அவள் அசையவில்லை. "வஹிதா ஸ்டக்?" என்று யாரோ எழுதினார்கள். கையிலிருந்த போன் மெல்லக் கேட்டது, "அ… அக்கா, மறுபடியும் போயிட்டா?"

"இல்ல சாமி," என்றேன், மைக் திறந்திருந்தது, எல்லார் காதிலும் விழுந்தது, "நெட்டு நல்லாத்தான் இருக்குது. இப்பத்தான் அசந்து போயிருக்காங்க."